பையன் என்று எழுதப்பட்ட மாலுமி

கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு லெமுவேல் டாக்கெட் சிரித்தார். பூஃபோர்ட் ஊரில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் விதவைகளுக்கு ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற வெள்ளைக்காரத் தரகர் அவர். மேசைக்கு இந்தப் பக்கம் பைனா சிம்மன்ஸ் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

"இந்தா பாரு பைனா, உன் கதை முடிஞ்சுது. 'ஹெரன்' கப்பல் பதிவேட்டுல ரென்டி சிம்மன்ஸ்னு ஒரே ஒரு ஆளுதானாம். அவனையும் என்னன்னு எழுதியிருக்காங்க தெரியுமா? முதல் வகுப்புப் பையன். வயசு போடலை. பையனுக்கு எங்கேருந்து பொண்டாட்டி வந்தா?"

"அவருதான் என் புருஷன்."

"உன் மகனா இருப்பான். நல்லா யோசிச்சுப் பாரு."

"எனக்கு மகனே கிடையாது ஐயா. ஒரே பொண்ணு. சவானாவுல கட்டிக் கொடுத்திருக்கேன்."

"அப்போ யாரோ ஒரு பொடியன். விட்டுத் தொலை. பொய் மனு போட்டா ஜெயில்ல போட்டுடுவாங்க. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பைனா கையை நீட்டினாள். "அந்தக் கடுதாசியைக் குடுங்க."

"இதை வச்சு நீ என்ன செய்யப் போறே?"

"என் பேருக்கு வந்தது. என் வீட்டுல இருக்கட்டும்."

தன் தீவுக்குப் படகில் திரும்பும்போது அவள் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தாள். பையனாம். ரென்டியை அவள் கைப்பிடித்தபோதே அவனுக்கு இருபத்து நான்கு. அடிமைமுறையை எதிர்த்த வட மாநிலங்களின் கப்பல்கள் பீரங்கியோடு வந்து நின்று, தோட்ட எஜமான்கள் போட்டது போட்டபடி ஓடிப்போன வருடம், தீவின் கறுப்பர்கள் எல்லோரும் ஒரே நாளில் எஜமான் இல்லாதவர்கள் ஆனார்கள். மறு வருடமே ரென்டி கடற்படையில் சேர்ந்தான். அந்தப் பக்கத்துக் கால்வாய்களும் மணல்திட்டுகளும் அவனுக்குத் தன் உள்ளங்கை மாதிரி. வடக்கத்தி அதிகாரிகளே அவனிடம் வழி கேட்டுத்தான் கப்பலை நகர்த்தினார்கள். இரண்டு வருடம் கழித்து, ஆற்றில் சுடப்பட்டு இறந்தான் என்று ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான். எப்படி, எந்த இடத்தில், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பதினெட்டு வருடமாகச் சிப்பி பொறுக்கியும் பருத்தி எடுத்தும் அவள் தன் காலில் நின்றாள்.

விடுதலைக்குப் பிறகு திறந்த பள்ளிக்கூடத்தில் பைனா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். அன்று சாயங்காலம் அடுப்படியில் தோழி ஹேகரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, கடிதத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஹேகரும் மாலுமியின் விதவைதான். அவள் புருஷன் அதே போரில் காய்ச்சலில் போனவன். மனு கினு என்று அவள் எந்தப் பக்கமும் போனதில்லை.

"இங்க பாருடி ஹேகர். கடைசியில இன்னும் நாலு வரி இருக்கு. அந்த ஆளு இதைப் படிக்கவே இல்ல."

"என்னன்னு இருக்கு?"

"மனுதாரரின் சாட்சியங்களை விசாரிக்க... நவம்பர் மாதம்... ஒரு அதிகாரி... பூஃபோர்ட் வருவார்."

"அடி சக்கை! முடிஞ்சுபோச்சுன்னு சொன்னானே அந்தத் திருடன்!"

"முடியலை," என்றாள் பைனா. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் அந்த அதிகாரி வந்தார். எஸ்ரா கிம்பால் என்று பெயர். ஒல்லியான வடக்கத்திக்காரர், மூக்குக் கண்ணாடி, விரலெல்லாம் மைக்கறை. பலசரக்குக் கடை மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார். புதன்கிழமை பைனாவும் ஹேகரும் படியேறிப் போனபோது அவர் எழுந்து நின்றார்.

"உட்காருங்க, மிஸ்ஸஸ் சிம்மன்ஸ்."

பைனா ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாராவது வெள்ளைக்காரச் சீமாட்டி வந்திருக்கிறாளோ என்று. யாருமில்லை. உட்கார்ந்தாள்.

"கல்யாணம் எந்த வருஷம்?"

"பெரும் புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த வருஷம். சர்க்கரைவள்ளி தோண்டுற சமயம்."

கிம்பால் ஏதோ கணக்குப் போட்டு எழுதிக்கொண்டார். "பதிவு ஏதாவது இருக்கா?"

"எங்களையே மாடு கன்னோட சேர்த்துத்தான் ஐயா பதிஞ்சாங்க. எங்க கல்யாணத்தை யாரு பதியப் போறா? ஜெபக்கூடத்து மூப்பர் நடத்தி வச்சார். அவரும் போயிட்டார்."

"பார்த்தவங்க?"

"நான் இருக்கேனே!" என்றாள் ஹேகர். "சமைச்சதே நான்தான். அரிசியும் நண்டும். மாப்பிள்ளை ஆறு தட்டு தின்னான். ஆறு! பொண்ணுக்கு மிச்சம் வைக்கலை. பையன் தின்கிற தீனியா அது? நல்லா எழுதிக்கோங்க, ஆறு தட்டு."

கிம்பால் ஆறு தட்டு என்று எழுதினாரோ இல்லையோ, பேனா ஓடியது. பிறகு பைனாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க புருஷன் உடம்புல அடையாளம் ஏதாவது?"

"இடது காது மடல்ல ஒரு துண்டு கிடையாது. சின்ன வயசுல பன்னி கடிச்சுதாம்."

அவர் தன் பக்கம் இருந்த ஒரு காகிதத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"மிஸ்ஸஸ் சிம்மன்ஸ், கல்யாணத்துக்குச் சாட்சி கிடைச்சாச்சு. ஆனா அந்தக் கப்பல்ல இருந்த ரென்டிதான் உங்க ரென்டி, அவர் பணியில இருக்கும்போதுதான் செத்தார்னு, கூட இருந்த ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொல்லணும். எனக்கு என்ன தோணுதுங்கறது முக்கியமில்லை. சாட்சி சொல்றதைத்தான் நான் எழுத முடியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீராவிக் கப்பல்ல கிளம்பறேன். அதுக்குள்ள யாரையாவது கூட்டிட்டு வர முடியுமா?"

'ஹெரன்' கப்பலில் இருந்தவர்களில் பைனா அறிய உயிரோடு இருப்பவன் ஒருவன்தான். ஜூலை மங்கின். ரென்டியோடு ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தவன். போர் முடிந்ததும் கழிமுகத்தைத் தாண்டி எடிஸ்டோ தீவில் போய்க் குடியேறிவிட்டான். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்ததில்லை. வழியில் எங்காவது கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான் என்று ஊரில் சொல்வார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் இரண்டு பெண்களும் சிப்பிப் படகைத் தள்ளினார்கள். கூட வர ஓர் ஆம்பிளை வேண்டாமா என்று கேட்டவனிடம், "உன்னைச் சுமக்கிறதுக்கும் சேர்த்துத் துடுப்பு போடணுமா?" என்றாள் ஹேகர். நீர் வற்றும் திசையில் படகு நன்றாகவே ஓடியது. கழிமுகத்தின் நடுவே வந்ததும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே கொட்டியது. ஹேகர் ஒரு கையால் சுரைக்குடுவையில் நீரை அள்ளி ஊற்றிக்கொண்டே வாயால் காற்றின் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள்.

"ஏண்டி, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து வயசு நூறு. இந்த வயசுல இது தேவையா?"

"திரும்பிப் போகணுமா?"

"யாருடி சொன்னா? சும்மா கேட்டேன். போடு, இழுத்துப் போடு!"

எடிஸ்டோவில் கரையேறியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. ஜூலை பருத்திக்காட்டில் இருந்தான். தலை முழுக்க நரைத்து, மூட்டு வலியால் ஒரு காலை இழுத்து நடந்தான். பைனாவைக் கண்டதும் கையிலிருந்த சாக்கை நழுவவிட்டான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் எதிர்ப்பேச்சே பேசவில்லை.

"வர்றேன்," என்றான்.

அன்றிரவு அவன் மகள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்தார்கள். வெள்ளி விடிவதற்கு முன்பே, நீர் ஏறும்போதே மூவருமாகக் கிளம்பினார்கள். காற்று அன்று அவர்கள் பக்கம். ஜூலையும் ஒரு துடுப்பைப் பிடித்தான். ஹேகர் எவ்வளவு வம்புக்கு இழுத்தும் அவன் வாய் திறக்கவில்லை. பூஃபோர்ட் படித்துறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பைனா தாவிக் கரையேறிப் படகைக் கட்டினாள்.

"எழுந்திரிங்க அண்ணே."

ஜூலை எழுந்திருக்கவில்லை. துடுப்பைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னால முடியாது பைனா."

"கால் வலிக்குதா? கையைக் குடுங்க."

"காலில்ல." அவன் நிமிரவே இல்லை. "அங்க போனா அவன் எப்படிச் செத்தான்னு கேப்பாங்க. உன்கிட்டயே சொல்லாததை அந்த வெள்ளைக்காரன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

பைனா மெதுவாகப் படகுக்குள் திரும்பி இறங்கி அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "என்கிட்ட சொல்லுங்க."

அவன் சொன்னான். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். கப்பலிலிருந்து சின்னப் படகில் ஆற்றுக்குள் போய், உள்நாட்டுத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மணல்திட்டுக்குப் பக்கத்தில் கரையிலிருந்து துப்பாக்கி வெடிக்கத் தொடங்கியது.

"எல்லாரும் குனிஞ்சோம். ரென்டி மட்டும் முன்னாடி நின்னான். நின்னாத்தான் ஈயக்குண்டுக் கயிறை வீசி ஆழம் பார்க்க முடியும். 'ஏழடி... ஆறடி... இடதுல திருப்பு'ன்னு கூவிட்டே இருந்தான். ஒரு குண்டு என் காதோரமா போச்சு. நான் துடுப்பை விட்டுட்டேன் பைனா. விட்டுட்டு அடியில படுத்துட்டேன். என் பக்கத்துத் துடுப்பு நின்னதும் படகு குறுக்கே திரும்பிடுச்சு. அப்படியே கரைக்கு நேரா நின்னுச்சு. அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை. அப்புறம் விழுந்தான்."

பதினெட்டு வருடமாக அவள் மனசுக்குள் ரென்டி ஏதோ ஒரு ஆற்றில், முகம் தெரியாத இடத்தில் செத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் நின்ற நிலை தெரிந்தது. கூவிய குரல் கேட்டது. எதிரே இருந்தவனின் தலையைத் துடுப்பாலேயே அடித்து உடைக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. கையும் துடுப்பைத் தேடியே போனது.

ஹேகர் படித்துறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடிக்கிறதுன்னா அப்புறமா அடிச்சுக்கோடி. நானும் ரெண்டு போடறேன். இப்ப நேரமில்ல."

பைனா துடுப்பை விட்டாள். பிறகு கேட்டாள்.

"அப்புறம்? அவர் விழுந்ததும் படகு என்னாச்சு?"

"நான் துடுப்பை எடுத்தேன். அவன் கடைசியா சொன்ன திசைதான் தெரியும். அந்தத் திசையிலயே இழுத்தேன். திட்டைத் தாண்டிட்டோம்."

"படகுல எத்தனை பேரு?"

"பத்தொம்பது. கைக்குழந்தை மூணு."

"எல்லாரும் கப்பல் சேர்ந்தாங்களா?"

"ஒருத்தர் குறையாம."

பைனா எழுந்தாள். "அப்போ எழுந்து வாங்க. துடுப்பை விட்டதையும் சொல்லுங்க, எடுத்ததையும் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்க வேண்டாம். அவர் நின்னாருன்னு சொல்ல இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

ஜூலை கையை நீட்டினான். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மாடி அறையில் கிம்பால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மூவரையும் கண்டதும் பெட்டியை அவிழ்த்துப் பேனாவை எடுத்தார். ஜூலை பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். படகில் சொன்னதை முழுக்க அப்படியே சொன்னான். துடுப்பை விட்ட இடம் வந்தபோது ஒரு தடவை நின்றான். பைனாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் சொல்லி முடித்தான்.

"பதிவேட்டுல 'பையன்'னு இருக்கே, மிஸ்டர் மங்கின்?"

"எங்க எல்லாரையும் அப்படித்தான் ஐயா எழுதினாங்க. தோட்டத்துலேருந்து வந்த கறுப்பன் யாரா இருந்தாலும் பையன்தான். நான் சேரும்போது எனக்கு மூணு பிள்ளைங்க. தாடியில நரை விழுந்திருந்துச்சு. நானும் முதல் வகுப்புப் பையன். அறுபது வயசுக் கிழவன் ஒருத்தன் சமையலுக்கு இருந்தான், அவன் இரண்டாம் வகுப்புப் பையன்."

ஹேகர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கிம்பால் தலை நிமிராமல் எழுதினார். "ரென்டி சிம்மன்ஸ் உடம்புல அடையாளம் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இடது காது. மடல்ல ஒரு துண்டு இருக்காது."

"எப்படி வந்தது?"

ஜூலை தயங்கினான். "சொல்லலாமா தெரியலை. கல்யாணத்துக்கு முன்னாடி, இன்னொரு தோட்டத்துப் பொண்ணு விஷயமா ஒருத்தனோட சண்டை. அவன் கடிச்சுட்டான்."

"என்னது?" பைனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "பன்னி கடிச்சுதுன்னு சொன்னாரே!"

"பன்னின்னா சொன்னான்?" ஜூலைக்கு அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அந்த ஆளு பேரு ப்ரின்ஸ். ஆனா பன்னி மாதிரிதான் இருப்பான்."

கிம்பால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு கவிழ்த்து வைத்திருந்த காகிதத்தைத் திருப்பி மேசைமேல் தள்ளினார். கப்பல் பதிவேட்டின் நகல். ரென்டி சிம்மன்ஸ் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் இருந்ததைப் பைனா எழுத்துக் கூட்டினாள். இடது காது மடல் குறை.

"கதை ரெண்டானாலும் காது ஒண்ணுதான்," என்றார் கிம்பால். "எனக்கு அது போதும்."

வெளியே நீராவிக் கப்பல் ஊதியது. அவர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"இருங்க ஐயா," என்றாள் பைனா. "நீங்க எழுதினதை முதல்லேருந்து படிங்க. என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"கப்பல் ஊதியாச்சு, மிஸ்ஸஸ் சிம்மன்ஸ்."

"அது இன்னும் ரெண்டு தடவை ஊதும். இந்தப் படித்துறையில முப்பது வருஷமா பார்க்கறேன்."

அவர் படித்தார். நின்றுகொண்டே, வேகமாக, ஆனால் ஒரு வரியும் விடாமல். 'மேற்படி ரென்டி சிம்மன்ஸ், வயது முப்பதுக்கு மேல், மணமானவர், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே படகின் முனையில் நின்று ஆழம் பார்த்து வழி சொன்னதால் பத்தொன்பது உயிர்கள் காப்பாற்றப்பட்டன' என்ற இடம் வந்தபோது பைனா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எழுதத் தெரியாத ஜூலை தன் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டான். பைனா தன் பெயரை எழுத்தெழுத்தாக, முழுசாக எழுதிக் கையெழுத்திட்டாள். கிம்பால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

வசந்தத்தில் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது. மாதா மாதம் விதவை ஓய்வூதியம். ரென்டி இறந்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பதினெட்டு வருடப் பாக்கியும் மொத்தமாக. டாக்கெட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தீவுக்கே வந்துவிட்டார்.

"பைனா, நான் அன்னிக்கே சொன்னேன் பாரு, நம்பிக்கையா இருன்னு. என் பங்கு—"

"சட்டத்துல உங்களுக்கு உள்ள கூலியைக் கட்டியாச்சு, ரசீது இருக்கு. உட்காருங்க, மோர் தர்றேன். காசு தர மாட்டேன்."

அவர் உட்காரவில்லை. மோரும் குடிக்கவில்லை.

அந்தப் பணத்தில் பைனா தன் கொல்லையை ஒட்டிய பத்து ஏக்கரை வாங்கினாள். ஒரு காலத்தில் அவளையும் ரென்டியையும் சொத்தாக வைத்திருந்த தோட்டத்தின் மண் அது. பத்திரத்தில் மிஸ்ஸஸ் ரென்டி சிம்மன்ஸ் என்று எழுதச் சொன்னாள். குமாஸ்தா வெறும் பைனா என்று எழுதியதும், அடித்துத் திருத்தும்வரை அங்கேயே நின்றாள். எடிஸ்டோவுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினாள். ஜூலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படகேறி வந்து அவள் வீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். அவனுக்கு அடி எதுவும் விழவில்லை. ஹேகர் மட்டும் கரண்டிக்காம்பால் மண்டையில் இரண்டு போட்டாள். "சொன்ன சொல்லைக் காப்பாத்தணுமில்ல," என்றாள்.

மீதிப் பணத்தில் பாய் கட்டிய பெரிய படகு ஒன்று வாங்கினாள். செய்தி தீவுதீவாகப் பரவியிருந்தது. பையன்களின் பெண்டாட்டிகள் எங்கெங்கிருந்தோ பைனாவைத் தேடி வரத் தொடங்கினார்கள். வந்தவர்களை அவள் அடுப்படியில் உட்கார வைத்து, கல்யாணம் நடந்த பருவம், அன்று சமைத்தது, புருஷன் உடம்புத் தழும்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யார் யார் சாட்சி என்று குறித்துக்கொண்டாள்.

மறு வருடம் கிம்பால் மறுபடி வந்தார். அன்று பைனாவின் படகில் பதினோரு விதவைகள் இருந்தார்கள், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்குப் போடும் தொப்பியில். முன்னால் ஹேகர் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மனுதான் அன்றைய முதல் மனு. ஆற்றின் திருப்பத்தில் பாய் காற்றைப் பிடித்துப் படகு துள்ளியதும் யாரோ ஒருத்தி பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் கையைத் தட்டிச் சேர்ந்துகொண்டார்கள். கடை மாடியில் கிம்பால் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். உடனே உள்ளே திரும்பி, இன்னும் பதினோரு நாற்காலி வேண்டும் என்று கடைக்காரனைக் கூப்பிட்டார்.